அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு முன்அனுமதி தராமல் இழுத்தடிப்பது பற்றிய புகார்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தில் அம்மா எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியின் விவரமெல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது. போன் செய்யும்போதெல்லாம் அடையாள அட்டை எண்ணில் தொடங்கி முழுக்கதையையும் ஒப்பித்து அலுத்துவிட்டது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வலது முழங்கால் மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்று அறுவை சிகிச்சை தேவை என்று எலும்பு மருத்துவர் சொன்னார். அவர் உங்கள் பேனலில், அதாவது நீங்களே அங்கீகரித்த மருத்துவர் பட்டியலில், இருப்பவர்தான். செலவை ஏற்பதாக நீங்கள் முன்கூட்டியே தர வேண்டிய முன்அனுமதிக்குக் கிளினிக்கிலிருந்து விண்ணப்பம் போட்டார்கள். பிசியோதெரபி விவரம் கேட்டீர்கள், அனுப்பினோம். எக்ஸ்ரே அறிக்கை கேட்டீர்கள், அதுவும் வந்தது. அப்புறம் மறுபடியும் பிசியோதெரபி விவரம் வேண்டும் என்று மின்னஞ்சல். அங்கே யார்தான் படிக்கிறார்கள்?

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நோயாளிகளை வரிசையில் வைத்துக்கொண்டு அந்த மருத்துவர் உங்களுக்காக உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். ஊசி போட்டும் பலனில்லை, எலும்போடு எலும்பு உரசுகிறது, வலியால் இரவுத் தூக்கம் இல்லை, தள்ளிப்போட்டால் கால் இன்னும் வளையும் என்று விளக்கமாக எழுதியிருந்தார். அம்மாவுக்காக அவர் பேசியது அது. அதைப் பற்றிக் கேட்டதற்கு உங்கள் ஊழியர் சொன்ன பதில்: "டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், ஆபரேஷன் செய்தால்தானே அவர்களுக்குப் பணம்."

ஸ்பீக்கரில் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ எனக்கு ஆபரேஷனே தேவையில்லையா?" என்று அன்று முழுக்க என்னைக் கேட்டார். மருத்துவர் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையை ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டீர்கள். அந்தப் பேச்சு ஒலிப்பதிவாகத்தான் இருக்கும். தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை, நேரில் வாருங்கள் என்று அழைத்தீர்கள். யீஷூனிலிருந்து டாக்ஸியில் அம்மாவை அழைத்து வந்தேன். அவர் எப்போதும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். வயதாகிவிட்டதால் 'ழ' கொஞ்சம் நடுங்குகிறது. கவுண்டரில் அந்தப் படிவத்தைப் பார்க்கக்கூட இல்லை. முன்அனுமதி இங்கே பார்ப்பதில்லை, இணையத்தில் ஏற்றுங்கள் என்று திருப்பித் தள்ளினார்கள். நாற்காலியிலிருந்து எழவே சிரமப்படும் ஒருவரை எதற்காக வரவழைத்தீர்கள்?

குறித்திருந்த அறுவை சிகிச்சை தேதியும் போய்விட்டது. எங்கள் குடும்பமே நொறுங்கிப் போயிருக்கிறது. அரசின் அடிப்படைக் காப்பீட்டுக்கு மேல் உங்களிடம் எடுத்திருக்கும் ஷீல்ட் திட்டத்தின் கூடுதல் பிரீமியத்துக்கு, 70 தாண்டியவர்கள் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 900 வெள்ளிதான் எடுக்க முடியும். மிச்சத்தை ரொக்கமாகக் கட்டுகிறோம், ஒரு முறைகூடத் தவறியதில்லை. பில்லில் எங்கள் பங்கைக் குறைக்கும் ரைடர் என்ற துணைத் திட்டத்துக்கும் தனியாகக் கட்டுகிறோம். முன்அனுமதி இல்லாமல் செய்துகொண்டு, பிறகு நீங்கள் கையை விரித்தால், எங்கள் சேமிப்பெல்லாம் கரைந்துவிடும்.

செலவைக் கட்டுப்படுத்த வேண்டிய கடமை உங்களுக்கு இருப்பது புரிகிறது. தேவையில்லாத சிகிச்சைக்குப் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவரின் முடிவை மறுப்பதென்றால் இன்னொரு மருத்துவர்தான் மறுக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். போன் எடுப்பவரா அதைத் தீர்மானிப்பது?

இந்த வாரத்துக்குள் அனுமதி கொடுங்கள். இல்லையென்றால், அம்மாவின் கோப்பைப் பார்த்த மருத்துவர் யார், என்ன காரணத்தால் மறுத்தார் என்று எழுதி அனுப்புங்கள். அதுவும் வராவிட்டால் நிதி நிறுவனங்களோடு வரும் தகராறுகளைத் தீர்க்கும் ஃபிட்ரெக் மையத்துக்கும், ஷீல்ட் கோரிக்கைத் தகராறுகளைப் பார்க்கும் சிசிஆர்பி அமைப்புக்கும், சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்கும் போவேன். எங்கள் எம்பியின் மக்கள் சந்திப்புக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு போவேன்.

அந்த ஊழியர் அம்மாவிடமும் மருத்துவரிடமும் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி எதுவானாலும் எனக்கே போன் செய்யுங்கள், அம்மாவை அழைக்காதீர்கள். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மகள்