டெட் வில்லியம்ஸா ஓட்டானியா, உன் நாலு பக்கத்துக்கு என் பதில்

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து ரொம்ப நாள் ஆச்சு, உடனே பதில் போடலன்னு திட்டாத, இங்க மாமியார் வந்திருக்காங்க, பெரியவளுக்கு காலேஜ் அப்ளிகேஷன் டென்ஷன், வீடே ரெண்டு பட்டுக் கிடக்கு. முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல சந்தோஷம், பிசியோ சொல்றத ஒழுங்கா செய்டா, டிமிக்கி குடுக்காத. ஆனா படுத்துக்கிட்டே பழைய பேஸ்பால் வீடியோவா பாத்துட்டு இப்ப இருக்கறவனெல்லாம் ஒரு பிளேயரான்னு நாலு பக்கம் எழுதிருக்க பாரு, அதுக்கு பதில் சொல்லாம விட முடியாது.

பாஸ்டன்ல குடியிருக்கறவன் அந்த ஊர் ரெட் சாக்ஸ் டீமோட பழைய பேட்டர் டெட் வில்லியம்ஸ தலைல தூக்கி வெச்சு ஆடலன்னாதான் ஆச்சரியம். 1941 கடைசி நாள் கதைய எனக்கு எத்தனையாவது தடவையா எழுதுற! சரி, நல்ல கதைதான், ஒத்துக்கறேன். பேட்டிங் ஆவரேஜ், அதாவது எத்தனை தடவைக்கு எத்தனை ஹிட்டுங்கற கணக்கு, .400ன்னா நூத்துக்கு நாப்பது, அது .39955ல நிக்குது, உக்காந்துட்டா ரவுண்ட் பண்ணி .400ன்னு கணக்கு வந்துடும், ஆனா மனுஷன் ரெண்டு கேமும் ஆடறேன்னு இறங்கி எட்டுக்கு ஆறு அடிச்சு .406ல முடிச்சான், வயசு வெறும் 23. அதுக்கப்புறம் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் ரெண்டுலயும் எவனும் .400 தொடலயே, அதனால இப்ப இருக்கறவனுக்கு பேட் புடிக்கத் தெரியலன்னு நீ சொல்றதுதான் எனக்கு ஒத்து வரல.

யோசிச்சுப் பாரு. அந்தக் காலத்துல கேம் முடியப் போறப்போ வில்லியம்ஸ் முன்னாடி நின்னது பாதி நேரம் அதே களைச்சுப் போன பிட்சர்தான், அதாவது பந்து போடறவன், அவன நாலாவது தடவையா பாக்கறான், என்ன போடுவான்னு மனப்பாடமா தெரியும். இன்னைக்கு ஆறாவது இன்னிங்ஸ்லயே மாத்து பிட்சருங்க காத்திருக்கற புல்பென்ல இருந்து ஒருத்தன் ஃப்ரெஷ்ஷா வந்து மணிக்கு 98 மைல் வேகத்துல போடறான், அடுத்த இன்னிங்ஸ் இன்னொருத்தன், அவனுக்கடுத்து இடது கைக்காரன் ஒருத்தன். லீக் முழுக்க சராசரி ஃபாஸ்ட்பாலே 94 மைல்டா. 1930ல நேஷனல் லீக் மொத்தமும் சேர்ந்து .303 அடிச்சுது, அந்த வருஷம் பில் டெர்ரி .401, ஊரே அடிக்கறப்போ அவன் கொஞ்சம் கூட அடிச்சான், அவ்வளவுதான். 2024ல ஒட்டுமொத்த ஆவரேஜ் .243. அந்தக் காலத்துல உச்சில இருந்தவன் பெரிய ஆளுதான், ஆனா அவன சுத்தி இருந்தவன்ல பாதி பேரு சுமார், இன்னைக்கு அந்த சுமார் ஆளு மேல ஏறி வந்துட்டான், அதனால உச்சில இருக்கறவன் தனியா தெரிய மாட்டேங்கறான். நாம ஹாஸ்டல்ல பிராட்மேன் இன்னைக்கு ஆடினா 99 வருமான்னு விடிய விடிய சண்டை போட்டமே, அதே சண்டைதான் இது.

சான் டியேகோ பேட்டர் டோனி க்வின் 1994ல .394ல நிக்கறப்போ ஆகஸ்ட்ல பிளேயருங்க வேலைநிறுத்தம் வந்து சீசனே போச்சு. அது மட்டும் நடக்காம இருந்திருந்தா நீயும் நானும் வேற ஏதாவது பேசிட்டு இருந்திருப்போம்.

இப்ப இருக்கறவன் ரொம்ப ஸ்ட்ரைக் அவுட் ஆகறான், அதாவது மூணு ஸ்ட்ரைக் வாங்கி பந்த அடிக்காமலேயே வெளிய போறான்னு நீ சொல்றது சரி, அங்க நான் வாயைத் திறக்கல. வில்லியம்ஸ் காலத்து யாங்கீஸ் பேட்டர் டிமாஜியோ மொத்த கேரியர்ல 361 ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, 369 ஸ்ட்ரைக் அவுட், இத இன்னைக்கு எவன்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டான். இந்தக் காலத்து யாங்கீஸ் பேட்டர் ஆரோன் ஜட்ஜ் முழு சீசன் ஆடினா ஒரு வருஷத்துலயே 150ஐத் தாண்டிடறான். ஆனா அவன் ஒரே சீசன்ல 62 ஹோம் ரன்னும் அடிச்சிருக்கான், டீமும் அதுக்குத்தான் காசு குடுக்குது, ஸ்ட்ரைக் அவுட் ஆனா இப்ப யாரும் அசிங்கமா நினைக்கறதில்ல. எனக்கும் பாக்க போரடிக்குதுதான், அது வேற விஷயம்.

இன்னொன்னு, நீ பழைய ரெக்கார்ட எல்லாம் அப்படியே எடுத்துக்கற. பேப் ரூத் 714 ஹோம் ரன் அடிச்சாரு, சரி, ஒரு கறுப்பு பிட்சர் கூட இல்லாத லீக்ல அடிச்சாரு. ஜோஷ் கிப்சன்னு ஒருத்தன், மேஜர் லீக்ல சேக்காததால கறுப்பர்கள் தனியா ஆடின நீக்ரோ லீக்ல கேட்ச்சர், 2024 மே மாசம்தான் மேஜர் லீக் அந்தக் கணக்கையும் தன்னோட சேத்துக்கிச்சு, உடனே கேரியர் ஆவரேஜ் .372ன்னு, அதுவரைக்கும் முதல்ல இருந்த டை காபையே தாண்டி முதல் இடத்துக்கு வந்துட்டான். செத்தது 1947 ஜனவரி, வயசு 35. மேஜர் லீக்ல கறுப்பர்களுக்கு இருந்த தடைய உடைச்ச ஜாக்கி ராபின்சன் புரூக்ளின்ல இறங்குனது அதே வருஷம் ஏப்ரல். மூணு மாசம்டா! அங்க கேம் கம்மி, கணக்கு சரியா வராதுன்னு நீ சொல்வ, தெரியும், ஆனா கேம் கம்மியா இருந்தது அவன் தப்பா? உன் ரெட் சாக்ஸ் கடைசி டீமா 1959லதான் முதல் கறுப்பு ஆட்டக்காரர எடுத்துச்சு, அத உன் நாலு பக்கத்துல காணோம். ஆனா உன் வில்லியம்ஸ் இந்த விஷயத்துல தங்கம், 1966ல ஹால் ஆஃப் ஃபேம் மேடைலயே கிப்சனையும் நீக்ரோ லீக் பிட்சர் சாட்செல் பெய்ஜையும் உள்ள எடுக்கணும்னு பேசினாரு. அதுக்காகவே அவர எனக்கும் பிடிக்கும்.

பிட்சர் விஷயம் இருக்கு பாரு, அதுலதான் ரெண்டு மனசா இருக்கேன். பாப் கிப்சன், இவரு வேற கிப்சன், பிட்சர், 1968ல 34 ஸ்டார்ட்ல 28 கேம அவரே முடிச்சாரு, இஆர்ஏ, அதாவது ஒம்போது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுத்த ரன், 1.12, அந்த வருஷம் பிட்சருங்க பண்ண அட்டகாசத்துல அடுத்த வருஷமே மவுண்ட, அதாவது பிட்சர் நின்னு போடற மேட்ட, 15 இஞ்ச்ல இருந்து 10 இஞ்சா இறக்கிட்டாங்க. இன்னைக்கு பையன் 90 பந்து போட்டா கோச் எந்திரிச்சு வர்றாரு. ஆனா ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்துல போடச் சொன்னா முழங்கை என்னத்துக்கு ஆகும்? 1974ல பிட்சர் டாமி ஜானுக்கு முழங்கைல டாக்டர் ஃபிராங்க் ஜோப் பண்ண ஆபரேஷன் இன்னைக்கு சாதாரணமா போச்சு. சின்னவன் லிட்டில் லீக்ல போடறான்ல, அவன் வயசுக்கு ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல கூடாதுன்னு ரூல், 66 தாண்டினா நாலு நாள் ரெஸ்ட், நான் ஓரமா உக்காந்து எண்ணிட்டே இருப்பேன், பக்கத்துல இருக்கற அப்பாவுங்கதான் இன்னும் ஒரு இன்னிங்ஸ்னு கத்துவாங்க.

அப்புறம் எங்க டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோ. 2025 வேர்ல்ட் சீரீஸ் ஃபைனல்ல ரெண்டாவது கேம ஒத்தையா முடிச்சான், ஆறாவது கேம்ல ஆறு இன்னிங்ஸ், மறுநாளே ஏழாவது கேம்ல வந்து கடைசி வரைக்கும் போட்டு 11வது இன்னிங்ஸ்ல கப்பு வாங்கிக் குடுத்தான், மூணு வெற்றியும் டொராண்டோவுல. இப்ப இருக்கறவனுக்கு தெம்பு இல்லன்னு இனி எழுதாத, போடச் சொன்னா போடறான், யாரும் சொல்றதில்ல, அவ்வளவுதான்.

டாட்ஜர்ஸ்ல பிட்சிங், பேட்டிங் ரெண்டும் பண்ற ஓட்டானிய பத்தி நீ ஒரு வரி கூட எழுதல, அது வேணும்னேதான்னு தெரியும். அதே அக்டோபர்ல மில்வாக்கிக்கு எதிரா ஒரே கேம்ல பத்து ஸ்ட்ரைக் அவுட் எடுத்து மூணு ஹோம் ரன்னும் அடிச்சான், முழங்கைல ரெண்டு ஆபரேஷன் முடிச்சவன். ரூத்தும் ரெண்டும் பண்ணாருதான், ஆனா நியூயார்க் போனதும் பிட்சிங்க கிட்டத்தட்ட விட்டுட்டாரு. எல்லாரும் மேல ஏறி வந்துட்ட காலத்துலயும் ஒருத்தன் தனியா தெரியறான்னா, என் கணக்குல அவன்தான் பெரியவன். லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கறதால சொல்லலடா, சத்தியமா.

இதுக்கு நீ பதில் எழுதறப்போ ஒண்ணு மட்டும் சொல்லு, வில்லியம்ஸ் முன்னாடி இந்தக் காலத்து பிட்சர் பால் ஸ்கீன்ஸ் நின்னு 100 மைல்ல போட்டா என்ன நடக்கும்? மழுப்பாம எழுது. முட்டி சரியானதும் கோடைல ரெண்டு பேருமா இங்க வாங்க, டிக்கெட் விலை கொள்ளைதான், பரவால்ல நான் எடுக்கறேன், ரெட் சாக்ஸ் தொப்பி மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வா.

உன் பழைய ரூம்மேட்