பாத்ரூமை உடைக்க வேண்டாம், பாப்பா

பாப்பா,

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பாத்ரூம் டைல்ஸை மொத்தமாகப் பெயர்த்துப் புதுசாகப் போட்டுவிடலாம், பணம் அனுப்புகிறேன் என்றாயே, அதெல்லாம் வேண்டாம். ஒழுகல் பாத்ரூமிலேயே இல்லை.

ஏற்காட்டில் ஒரு சுவர் ஈரமாக இருந்தால் யார் கவனிக்கிறார்கள்? ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால் துவைத்த துணியே நாள்கணக்கில் காயாது, தோல் செருப்பு வரை பூசணம் பிடிக்கும். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் பெயிண்ட் உப்பியதையும் மழை ஈரம் என்றே எல்லாரும் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது ஏறியிருந்த கரண்ட் பில்லைப் பார்த்துத்தான். நூறு லிட்டர் தண்ணீரை 40 டிகிரி சூடேற்ற நாலரை யூனிட்டுக்கு மேல் ஆகும், குளிருக்குப் பயந்து உன் அம்மா கீசரை அணைப்பதும் இல்லை. யாரும் குழாயைத் திறக்காத ராத்திரியில் கீசர் விளக்கைப் பார்த்தேன். சும்மா இருந்தாலும் சூடு ஆறி எப்போதாவது எரியும்தான், ஆனால் இது எரிவதும் அணைவதுமாகவே இருந்தது, வெந்நீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பட்டது.

அன்றைக்கே டேங்குக்கு வரும் தண்ணீரை நிறுத்தி, மட்டத்தில் கோடு போட்டு வைத்தேன். காலையில் இறங்கியிருந்தது. மறுநாள் கீசரை அணைத்து அதற்குப் போகும் வால்வையும் மூடினேன், கோடு அப்படியே நின்றது. சரி, வெந்நீர் லைன்தான். (முதலில் ஸ்விட்ச், அப்புறம் வால்வு, மாற்றிச் செய்யாதே. இன்னொன்று, இரண்டு தண்ணீரும் கலந்து வரும் குழாய் இருந்தால் பச்சைத்தண்ணீர் அதன் வழியே வெந்நீர் லைனுக்குள் புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும், நம் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை.)

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பிளம்பர் வந்த வேகத்தில் சுத்தியலை எடுத்தார். ஒரு டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு, சமையலறைக் குழாயில் வெந்நீரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டேன். பாத்ரூமிலிருந்து அந்த லைன் ஹால் சுவருக்குள்தான் போகிறது. புறங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனால், உப்பிய இடத்துக்கு நல்ல மேலே, பார்வைக்குக் காய்ந்த சுவரில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கதகதப்பு. பைப்புக்காக வெட்டிய காடி வழியே தண்ணீர் கீழே இறங்கித்தான் வேறெங்கோ ஈரம் காட்டியிருக்கிறது. பிளம்பர் லைனின் இரண்டு முனையையும் அடைத்துக் கைப்பம்பில் அழுத்தம் ஏற்றினார், அதன் மீட்டர் முள் மெல்ல இறங்கியது. அதற்கப்புறம்தான் சுத்தியல், அதுவும் அந்த ஒரு இடத்தில் மட்டும்.

உள்ளே பைப்பை மூலையில் திருப்பும் எல்போ ஒன்று கழன்றிருந்தது. பைப் வெந்நீர் தாங்கும் நல்ல சிபிவிசி பிளாஸ்டிக்தான், ஒட்டியது மட்டும் சாதா பிவிசி பசை என்கிறார் பிளம்பர். அந்தப் பைப் 40 டிகிரி சூடு கூடினால் பத்தடிக்கு ஏழு மில்லிமீட்டருக்கு மேல் நீளும், ஆறினால் சுருங்கும். நீளக் கொஞ்சமும் இடம் விடாமல் சிமெண்டில் இறுக்கிப் பூசினால் இழுப்பெல்லாம் மூலையில் இருக்கிற எல்போவுக்குத்தான் போகும், பசையும் தப்பு என்றால் அது எத்தனை நாள் தாங்கும் சொல். வீடு கட்டியவரை இப்போது திட்டி என்ன ஆகப்போகிறது.

எல்போவை மாற்றி, இந்த முறை பைப்பைச் சுற்றி ஸ்பாஞ்ச் உறை போட்டுப் பூசியாயிற்று. பெயிண்டுக்கு மாசி வரை அவசரப்பட வேண்டாம், சுவர் உள்ளே காயாமல் அடித்தால் திரும்ப உப்பும். மாப்பிள்ளை உங்கள் வீட்டுக் கீசரும் அடிக்கடி எரிகிறது என்று போன தடவை சொன்னார், அந்த டேங்க் கோட்டை அவரை ஒரு ராத்திரி போட்டுப் பார்க்கச் சொல்.

அப்பா