மாநாட்டுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். தாங்கள் தயாரித்த பாடக் குறிப்பு, படம், வினாத்தாள் எல்லாவற்றையும் மற்றவர்களும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைக்கிற ஆசிரியர்கள் நம் ஊர்ப் பக்கம் நிறையப் பேர் உண்டு. அவர்களை ஒன்றுகூட்டி, நானும் இரண்டு நண்பர்களும் கடந்த ஜனவரியில் ஒருநாள் மாநாடு நடத்தினோம்.

முதலில் ஒரு கல்லூரி வாடகை இல்லாமல் அரங்கம் தருவதாகச் சொன்னது. ஆனால் கட்டுரைகளை ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணோடு தொகுப்பு நூலாகப் போட வேண்டும், பதிப்புரிமை கல்லூரிக்கு, கட்டுரை தருகிறவர் ஆளுக்கு 800 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். எதைத் திறந்துவிடலாம் என்று பேசக் கூடுகிறோமோ அதையே பூட்டிவைக்கச் சொன்னால் எப்படி? ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்தோம். மார்கழி என்பதால் சும்மாதான் கிடந்தது. பந்தி மேசைகள் மடிக்கணினி வைக்க நல்ல தோது.

வாசலில் ‘திறந்த கல்வி மாநாடு’ என்று பேனர் கட்டியிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, தபால் வழிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள்! திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று நினைத்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘திறந்த கல்வி வளம்’ என்ற பொருளில் ஆங்கிலப் பெயரை யுனெஸ்கோ கூட்டம் 2002-இல்தான் பாரிஸில் வைத்தது. இலவசமாகக் கிடைத்தால் மட்டும் போதாது, திருத்தவும் மறுபடி பகிரவும் அனுமதி வேண்டும் என்பதே அதன் சாரம். நம் பாடநூல்களின் பி.டி.எஃப். இணையத்தில் இலவசம்தான். ஆனால் அதில் ஒரு வரியை மாற்றி என் வகுப்புக்கு ஏற்றபடி செய்ய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பொன்னாடை, குத்துவிளக்கு எதுவும் வைக்கவில்லை. காலையில் பேச்சு, மதியத்துக்கு மேல் வேலை. காலைப் பேச்சுகள் சுமார்தான், என்னுடையதும் சேர்த்து.

வேலை என்றது இதைத்தான். ஒரு தாவரவியல் ஆசிரியை பூவின் பாகங்கள் பற்றி அருமையான பாடம் கொண்டுவந்திருந்தார். படங்கள் மட்டும் ஒரு தனியார் நோட்ஸிலிருந்து எடுத்தவை. அப்படியே வெளியிட்டால் நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். மண்டபத்து வேலியோரம் இருந்த செம்பருத்தியைப் பறித்து வந்து, ஓவிய ஆசிரியர் ஒருவர் சார்ட்டில் வரைந்தார். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துச் சேர்த்தோம். ஒரு மணி நேரத்தில் பாடம் சுத்தமாகிவிட்டது. அப்புறம் எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று பேச்சு வந்தது. தன் படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘மாற்றக் கூடாது’ என்ற வகையும் உண்டு. அதைப் போட்டால் மொழிபெயர்த்துக்கூட வெளியிட முடியாது. பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்கிற வகையையே தாவரவியல் ஆசிரியை தேர்ந்தெடுத்தார்.

இன்னொரு தலைவலி எழுத்துரு. வந்த கோப்புகளில் பாதி பாமினியிலும் வானவில்லிலும் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரே கிறுக்கல். எல்லாவற்றையும் எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யுனிகோடு முறைக்கு மாற்றி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. அடுத்து மாநாடு நடத்துகிறவர்கள் யாராக இருந்தாலும், அழைப்பிதழிலேயே ‘யுனிகோடில் கொண்டுவாருங்கள், திருத்தக்கூடிய கோப்பாகக் கொண்டுவாருங்கள்’ என்று போட்டுவிடுங்கள். மண்டபத்து வைஃபையை நம்பாமல் பென்டிரைவ்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் 47 பேர். சனிக்கிழமை என்றாலும் பல பள்ளிகளுக்கு அன்று வேலை நாள். அவர்களில் 19 பேர் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டுவிட்டு வந்திருந்தார்கள். துறை நடத்தும் பயிற்சிக்குப் போய்ப் பின்வரிசையில் தூங்கினாலும் ஓ.டி. உண்டு, அதாவது அன்று பணியில் இருந்ததாகவே கணக்கு. பிள்ளைகளுக்கான பாடத்தைச் சொந்தச் செலவில் வந்து சரிசெய்தவர்களுக்கு ஒரு நாள் விடுப்பு கழிந்ததுதான் மிச்சம்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மறுபடி கூடலாம் என்றிருக்கிறோம். அதற்கு வருகிறவர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறை ஓ.டி. தர வேண்டும். வருகைச் சான்றிதழ் நாங்கள் தருகிறோம். அன்று அவரவர் திருத்தி முடித்த பாடக் கோப்பையும் அதோடு இணைத்தே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.