துக்கம் கண்ட வீடுகளுக்காக வாசகசாலையில் ஒரு கூடம்: நன்கொடை வேண்டுகோள்

பெருமதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும், வெளியூர்களில் வாழும் எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர் வாசகசாலைக் குழு இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறது. வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் ஒன்றுகூடி ஓலை முடையவும், புத்தகம் படிக்கவும், ஆண்டுக்கு மூன்று முறை பிள்ளைகளோடு வெளியே போய்வரவும் நாங்கள் நடத்திவரும் சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சுவரும் கூரையும் உள்ள ஒரு கூடம் வேண்டும்.

இந்தக் கூட்டம் தோன்றிய காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். நாங்கள் பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம்தான். 2020, 2021 ஊரடங்குக் காலத்தில் வேலந்தாவளம், கோபாலபுரம் மாநில எல்லைச் சோதனைச்சாவடிகளைத் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்ததால், அண்ணன் சாவுக்குத் தங்கை வர இயலவில்லை. அலைபேசித் திரையில்தான் முகம் பார்த்தார். ஒப்பாரி வைக்கப் பெண்கள் சேரவில்லை, காரியத்துக்குப் பங்காளிகள் வரவில்லை. ஊர் கூடி அழுது கரைக்க வேண்டிய துக்கம் அந்தந்த வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகும், கள் இறக்கத் தென்னை ஏறியவர் தவறி விழுந்தும், சாலை விபத்திலும், நோயிலும் ஆட்களை இழந்த குடும்பங்கள் எங்களோடு வந்து சேர்ந்திருக்கின்றன.

முதல் சில வாரங்கள் வாசகசாலைத் திண்ணையில் எல்லோரும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தோம். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கும் வார்த்தை வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியம்மா உலர்த்திய பனங்குருத்தோலை ஒரு கட்டு கொண்டுவந்து நடுவில் வைத்தார். கரிம்பனைக்குப் பேர்போன பாலக்காட்டில் ஓலைக்குக் குறைவில்லை. முடையத் தெரிந்த கைகள்தான் குறைந்துவிட்டன. ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் கீறி, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்று அவர் காட்டினார். "அதிக ஈரத்தோட முடையாதே அம்மிணி, காஞ்சதும் இடைவெளி விழுந்துரும்" என்று அவர் திருத்தியபோது, ஐந்து மாதமாக வீட்டு வாசலைத் தாண்டாதிருந்த ஒரு பெண் முடைந்ததைப் பிரித்து மறுபடி தொடங்கினார். அந்த மாலை அவர் முடித்தது மூடி சரியாகப் பொருந்தாத ஒரு சிறிய பெட்டி. அதில்தான் இன்றும் அவர் வீட்டில் வெற்றிலை இருக்கிறது. இப்போது பெட்டி, விசிறி, குழந்தைகளுக்கான கிலுக்கு ஆகியவற்றை முடைந்து, ஓணச் சந்தையில் குடும்பஸ்ரீ என்னும் கேரள மகளிர் குழுக்களின் கடை வழியாகச் சிலவற்றை விற்கவும் செய்கிறோம். வருவாய் சிறிதுதான், அதற்காக நடத்தும் வேலையும் அல்ல இது.

வாசிப்பில் எங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியும், ஆனால் கண் பார்வை மங்கிவிட்டது. பிள்ளைகளில் பலர் மலையாள வழியில் படிப்பவர்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். ஆகவே பிள்ளை படிக்கிறது, தடுக்கிய இடத்தில் பாட்டி சொல்லைச் சொல்லிக் கொடுக்கிறார். பக்கம் மெதுவாகவே நகர்கிறது என்றாலும், தாத்தாவை இழந்த வீட்டில் பாட்டியும் பேத்தியும் அரை மணி நேரம் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்திருப்பதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். எங்கள் அலமாரியில் இருக்கும் தமிழ் நூல்கள் பெரும்பாலும் பழையவை, பொடி எழுத்து. பெரிய எழுத்தில் அச்சான கதை நூல்களும் சிறுவர் நூல்களும் உடனடியாகத் தேவை.

குடும்பப் பயணம் பற்றி ஊரில் சிலர் மனக்குறை தெரிவித்தார்கள். துக்க வீட்டார் உல்லாசமாகச் சுற்றப் போகலாமா என்பது அவர்கள் கேள்வி. அதை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. ஆண்டுத் திதி முடியாத வீட்டார் வர விரும்பாவிட்டால் யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் கணவரை இழந்த பெண்ணைக் கல்யாணத்துக்கு அழைப்பதில் தயக்கம், திருவிழாவில் முன்னே நிற்பதில் தயக்கம் என்று ஊர் ஏற்கெனவே அவருக்குப் பல வாசல்களை அடைத்து வைத்திருக்கிறது. பேருந்தின் படியையும் அடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. சென்ற முறை மலம்புழா அணைக்குப் போனோம். 1955ஆம் ஆண்டு அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்த அணை அது என்று ஒரு பெரியவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது காற்றில் இலை பறந்து புளிச்சோறு மடியில் கொட்டியதில் ஒரு தாய் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா போன பிறகு அம்மா சிரித்து இன்றுதான் பார்க்கிறேன் என்று அவருடைய மகள் எங்களிடம் தனியே வந்து சொன்னாள்.

திண்ணையில் இனித் தொடர முடியாத நிலைக்குக் காரணமும் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் காற்று கீறி வைத்த ஓலையை வாரிக்கொண்டு போகிறது, புத்தகத்தில் புழுதி படிகிறது, மழைக்காலத்தில் சாரல் உள்ளே வரை அடிக்கிறது. வாசகசாலையை ஒட்டிய காலியிடத்தில் இருபதடி நீளம், பதினைந்தடி அகலத்தில் கூடம் கட்ட 2,10,000 ரூபாய், நூல்களுக்கு 60,000, ஓலை, சாயம், கத்தி முதலியவற்றுக்கு 27,000, மூன்று பயணங்களுக்குப் பேருந்து வாடகையும் சாப்பாடும் சேர்த்து 54,000 என மொத்தம் 3,51,000 ரூபாய் ஆகும். மாதச் சந்தாவாகச் சேர்ந்து கையிருப்பில் உள்ள 86,000 போக, 2,65,000 ரூபாய் தேவைப்படுகிறது.

தொகை எதுவானாலும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். செங்கல், மணல், ஓடு, நல்ல நிலையிலுள்ள தமிழ் நூல்கள் ஆகியவற்றைப் பொருளாகவும் தரலாம். கொத்து வேலை தெரிந்தவர்கள் ஒரு நாள் உழைப்பைத் தந்தாலும் அது எங்களுக்குப் பெரிய உதவி. மறைந்த தம் உறவினர் நினைவாகத் தருவோர் விரும்பினால், வாங்கும் நூலின் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதி வைப்போம். நன்கொடை தருவோருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க உதவும் 80ஜி சான்று எங்கள் குழுவுக்கு இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு தொகைக்கும் குழுவின் முத்திரையிட்ட இரசீது தரப்படும். வரவு செலவு மாதந்தோறும் வாசகசாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

கேரளத்தில் வாசகசாலைகளை ஊர் ஊராக வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19, வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. வரும் வாசிப்பு நாளன்று கூடத்தைத் திறக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஆகவே இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் கூரை ஏற வேண்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் எப்போது வந்தாலும் திண்ணையில் எங்களைக் காணலாம்.

இப்படிக்கு,
வாசகசாலைக் குழுவினர்