எடைக்குப் போன குறிப்பேடுகள்

அன்புள்ள சண்முகம்,

எட்டு மாத மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் தாள் தீர்ந்துவிடும். வீட்டில் எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி, அவளுக்கு என்மேல் கோபம். இரண்டும் பழையபடியே இருக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருவரும் வெயிலில் நின்று எழுதிய வயல் குறிப்பேடுகளை நம் பழைய விதை நிறுவனத்தில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அலமாரி இடத்தை அடைக்கிறதாம். போய்க் கேட்டேன். "எல்லாம் கணினியில் இருக்கிறது, ஐயா" என்றான் முதலாளியின் பேரன். வெளியிட்ட ரகங்களும் விளைச்சலும் இருக்கின்றன, உண்மைதான். கழித்துக்கட்டிய செடி வரிசைகள் எங்கே? எந்தத் தாய்ச்செடியின் பிள்ளைகள், எதற்காகக் கழித்தோம் என்ற விவரம் எங்கே? தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டான்.

அன்றிரவு தூக்கம் வராமல், பிரான்ஸ் நாட்டு விதைக்காரர்களான வில்மோரின் குடும்பத்தின் கதையைத் தேடிப் படித்தேன். நினைவிருக்கிறதா? தேர்வில் ஒரு வரிக் கேள்வி. நீ சரியாக எழுதினாய். நான் மாரியப்பன் காதில் ஓதியதை நம்பி வில்மோரினை ஜெர்மானியராக்கிவிட்டேன்.

பாரிஸில் சேன் நதிக்கரையில், மெஜிஸ்ரி படித்துறைப் பக்கம் இருந்த விதைக்கடை அது. குடும்பக் கணக்குப்படி 1743இல் தொடங்கியது. விதை வணிகத்தில் தேர்ந்தவள் குளோத் ஜெஃப்ருவா என்ற பெண், கணவர் பியேர் அந்திரியே பதினைந்தாம் லூயி மன்னருக்கு விதை கொடுத்தவர். மகளைக் கட்டிய வில்மோரின் வந்த பிறகுதான் கடைக்கு இந்தப் பெயர். மாமனார் வீட்டுக் கடைக்கு மாப்பிள்ளை பெயர்! உனக்கு இது பிடிக்கும் என்று தெரியும்.

என்னைப் பிடித்துக்கொண்டவர் அந்த வம்சத்து லூயி. சர்க்கரை பீட்டில் (சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகை; நம் சர்க்கரைவள்ளி அல்ல, சண்டைக்கு வராதே) இனிப்பைக் கூட்ட வேண்டும். பீட் இரண்டாண்டுப் பயிர். முதல் ஆண்டு கிழங்கு, மறு ஆண்டுதான் பூவும் விதையும். சோதிப்பதற்காகக் கிழங்கை அரைத்துவிட்டால் வம்சமே போயிற்று. ஆகவே கிழங்கில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்து உப்புக் கரைசலில் போட்டார். மிதந்தால் சர்க்கரை குறைவு, மூழ்கினால் அதிகம். அது துல்லியமாக இல்லை என்று பிறகு சாற்றிலேயே ஒரு சிறு வெள்ளிக்கட்டியை மூழ்கவிட்டு எடை பார்த்தார்; சாறு இனிக்க இனிக்கக் கட்டியின் எடை குறைந்து காட்டும். மீதிக் கிழங்கு உயிரோடு மண்ணுக்குத் திரும்பியது. இந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது!

அடுத்ததுதான் முக்கியம். ஒரே அளவு இனித்த இரண்டு கிழங்குகளின் பிள்ளைகள் ஒரே மாதிரி இல்லை என்று கண்டார். ஒன்றின் வழி வந்தவை தாயைப் போலவே இனித்தன, மற்றதன் வழி வந்தவை சிதறிப்போயின. பீட்டின் மகரந்தம் காற்றில் பரவுவது. தகப்பன் யாரென்று காற்றுக்குத்தான் வெளிச்சம். அதனால் ஒவ்வொரு தாய்க்கிழங்கின் விதையையும் தனித்தனியாக விதைத்து, பிள்ளைகளைப் பார்த்தே தாயை மதிப்பிட்டார். 1856இல் வெளியிட்டார். மரபியலின் தந்தை மெண்டல் பட்டாணிச் சோதனையைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். லூயிக்கு மரபணுவும் தெரியாது, மெண்டல் கண்ட விகிதமும் தெரியாது. குறித்துவைக்கத் தெரிந்திருந்தது. 1860இல், நாற்பத்து நான்கு வயதுகூட ஆகாமல் இறந்துபோனார்.

மகன் ஆன்றி கோதுமைக்குப் போய்விட்டார். அவருடைய கலப்பில் பிறந்த 'தத்தேல்' கோதுமை ரகம் 1883இல் வெளிவந்தது. பேரன் பிலிப் 1911இல் உலக மரபியலாளர்களைப் பாரிஸில் கூட்டினார். அப்பா குறித்ததை மகன் எடுத்துத் தொடர முடிந்தது, பார்த்தாயா? நம் முதலாளியின் பேரனுக்கு இதை யார் சொல்வது? அந்தக் குடும்பத்தின் கையில் கடை கடைசிவரை நிற்கவில்லை. 1975இல் லிமாக்ரேன் என்ற விவசாயிகள் கூட்டுறவிடம் போய்ச் சேர்ந்தது. அதனால் கடை கைமாறுவதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. குறிப்பேடுகளை எடைக்குப் போட்டதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

இப்போது காரியம். பயிரில் சாம்பல் நோய் வந்த ஆண்டு, என் எழுத்து உனக்குப் புரியவில்லை என்று திட்டிக்கொண்டே ஒரு குறிப்பேட்டை நீ நகல் எடுத்தாய். பச்சை அட்டை. உன் வீட்டுப் பரணில் இருக்கும். கிடைத்தால் தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. மாரியப்பனிடம் மட்டும் சொல்லாதே, படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போய்விடுவான்.

உன்,
கோபால்