ஒட்டும் முன்னால் ஒரு தரம் குலுக்கிப் பார்

அன்புள்ள செழியன் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கொல்கத்தாவுக்கு ஒன்று, கோலாலம்பூருக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று என்று மூன்று பேரோடு பொம்மைக் கார் மாற்றிக்கொள்ளப் பேசி முடித்துவிட்டதாகப் போனில் சொன்னாய். பேசி முடிப்பது பாதி வேலைதான். நீ அனுப்பும் கார் எந்த நிலையில் கைக்கு வருகிறதோ, அதை வைத்துத்தான் உன்னோடு மறுபடி மாற்றிக்கொள்ளலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேக் பண்ணு.

கொல்கத்தாக்காரருக்குப் போவது, கடையில் தொங்கவிடுகிற அட்டையோடு, அதாவது கார்டோடு, பிரிக்காமல் இருக்கும் இரண்டு ஹாட் வீல்ஸ். கார்டோடு இருக்கிற வண்டிக்கு மதிப்பு காரில் இல்லை, கார்டில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் கார் ஜிங்க் கலவையில் வார்த்தது, அதற்குச் சுலபத்தில் ஒன்றும் ஆகாது. கார்டில் ஒரு மூலை மடங்கினாலோ, காரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் குமிழான பிளிஸ்டரில் முடி அளவு விரிசல் விழுந்தாலோ, ஒட்டின ஓரம் லேசாகப் பிரிந்தாலோ போச்சு. அதனால் நீ பேக் பண்ணுவது காரை இல்லை, நாலு மூலையை என்று நினைத்துக்கொள்.

இரண்டையும் தனித்தனி ப்ரொடெக்டர் கேஸில் போடு. நீளக் கார்டு சுமார் ஆறரை அங்குல உயரம், நாலேகால் அங்குல அகலம். பல மொழி அச்சிட்ட ஷார்ட் கார்டு அதைவிடக் குட்டை. நீளக் கார்டு கேஸில் ஷார்ட் கார்டைப் போட்டால் உள்ளேயே மேலும் கீழும் ஓடி, காப்பாற்ற வேண்டிய கேஸே மூலையைக் குத்திவிடும். சரியான கேஸ் கிடைக்காவிட்டால் மேலே இருக்கும் இடைவெளியில் மெல்லிய ஃபோம் துண்டு ஒன்றை மடித்து வை.

கேஸ் இல்லாமல் அனுப்ப வேண்டி வந்தால் வேறு வழி இருக்கிறது. பிளிஸ்டர் கார்டின் கீழ்ப்பாதியில்தான் இருக்கும். இரண்டு கார்டையும் முகத்துக்கு முகம் பார்க்க வைத்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் ஒன்றின் பிளிஸ்டர் மற்றதின் காலி இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அடுக்கின் தடிமன் பாதியாகிவிடும், கார்டும் வளையாது. இரண்டு பிளிஸ்டரும் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் டிஷ்யூ பேப்பர் வை. பிறகு முன்னும் பின்னும் நெளிவு அட்டை வைத்து மூடு. அந்த அட்டை கார்டைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். அடி விழுந்தால் அது வாங்கிக்கொள்ளும், மூலை வாங்காது. பக்கத்துக்கு இரண்டு அட்டை வைத்தால், ஒன்றின் நெளிவு நெடுக்காகவும் மற்றதின் நெளிவு குறுக்காகவும் வரட்டும். அப்போது எந்தப் பக்கமும் மடங்காது. ரப்பர் பேண்ட் மட்டும் போடவே போடாதே. அது பிடிக்கிற இடத்தில் கார்டின் ஓரம் பள்ளமாகிவிடும். டேப்பை அட்டையின் மேல் மட்டும் சுற்று, கார்டில் படக்கூடாது.

பெட்டிக்கு இந்த எடையில் மூன்று ப்ளை (மூன்று அடுக்கு) அட்டை போதும். பழைய பெட்டியாக இருந்தால் ஓரம் நைந்திருக்கிறதா என்று அழுத்திப் பார், பழைய லேபிளையும் பார்கோடையும் சுரண்டி எடு. பார்கோடை விட்டுவைத்தால் ஸ்கேனர் அதையும் படித்துப் பார்சலை வேறு ஊருக்குத் திருப்பிவிடும். ஆறு பக்கமும் குறைந்தது இரண்டு விரல் அளவுக்கு நிரப்பி இருக்க வேண்டும். நிரப்பி முடித்ததும், ஒட்டும் முன்னால் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார். உள்ளே ஏதாவது நகர்கிற சத்தம் கேட்டால் திரும்பத் திற. வழியில் உடைகிறவற்றில் பல வெளியிலிருந்து அடி வாங்கி உடைவதில்லை, உள்ளே ஓடி ஓடி உடைகின்றன. 'ஃப்ராஜைல்' என்று சிவப்பில் எழுதலாம், தப்பில்லை. ஆனால் அதை நம்பி ஒரு சுற்று பப்புள் ராப்பைக்கூடக் குறைக்காதே. மூட்டைகளுக்கு அடியில் இருக்கும்போது அந்த எழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

டேப் இரண்டு அங்குல பிரவுன் டேப். நடு மூட்டில் ஒரு நீளம், இரு ஓரத்திலும் ஒவ்வொரு குறுக்கு. மேலும் கீழும் அப்படியே. முகவரியைப் பால் பாயிண்டில் எழுதி மேலே டிரான்ஸ்பரண்ட் டேப் ஒட்டு. ஜெல் பேனா மழையில் கரைந்து ஓடும். உள்ளே இன்னொரு சீட்டில் இரண்டு பேர் முகவரியும் போன் நம்பரும் எழுதிப் போடு. லேபிள் கிழிந்து போனாலும் பார்சல் அநாதையாகாது.

உள்நாட்டுக்கு ஸ்பீட் போஸ்டே போதும். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரேஷன், ஓடிபி டெலிவரி இரண்டையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கட்டணம் ஒவ்வொன்றும் ஐந்து ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். கொல்கத்தாக்காரர் அபார்ட்மெண்டில் இருக்கிறார் என்றாயே, ஓடிபி கட்டாயம் போடு. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகிற கதை இருக்காது. எடை படிப்படியாகக் கணக்காகும். வீட்டுத் தராசில் நிறுத்து, ஒரு படியைச் சில கிராம் தாண்டினால் நிரப்பியதை மாற்றி உள்ளே கொண்டுவா. கேஸை மட்டும் எடுக்காதே.

அவர் உனக்கு அனுப்பப் போவது கல்கத்தாவில் செய்த பழைய மில்டன் கார்கள் அல்லவா? அவற்றின் பெயிண்ட் காய்ந்து போயிருக்கும், தொட்டாலே உதிரும். நியூஸ் பேப்பரில் சுற்ற வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அச்சு மை வெள்ளை, மஞ்சள் பெயிண்டில் ஏறினால் போகவே போகாது.

கோலாலம்பூருக்கு லூஸ் கார்கள், அதாவது கார்டு இல்லாதவை, பன்னிரண்டு. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பப்புள் ராப்பை நேராகப் பெயிண்டில் சுற்றிவிடுவார்கள். வெயிலில் வேனில் கிடந்தால் குமிழ் வட்டம் வட்டமாகப் பெயிண்டில் பதிந்துவிடும். முதலில் வெள்ளை டிஷ்யூ பேப்பரில் இரண்டு சுற்று, அதன் மேல்தான் பப்புள் ராப். கதவு திறக்கிற டொமிகா (ஜப்பான் பொம்மைக் கார்) இருந்தால் டிஷ்யூவைப் பட்டையாக மடித்து வண்டியைக் குறுக்கே சுற்றி, பட்டையின் நுனியை மட்டும் டேப் போட்டு நிறுத்து. டேப் பெயிண்டில் பட்டால் கோடும் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

இந்தச் சின்ன வண்டிகளில் ஆக்சில் வெறும் மெல்லிய கம்பி. மேலிருந்து எடை ஏறினால் நடுவில் வளைந்து, சக்கரம் தவளைக்கால் மாதிரி அகன்று நிற்கும். நிமிர்த்தப் பார்த்தால் அடிப்பலகை விரியும். அதனால் பழைய விசிட்டிங் கார்டை மூன்றாக மடித்து, சக்கரங்களுக்கு நடுவே அடிப்பலகைக்குக் கீழே கொடு. சக்கரம் தரையில் படாமல் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்க வேண்டும். அப்படியே டிஷ்யூவில் சுற்று. பெட்டியில் ஆறு ஆறாக இரண்டு அடுக்கு, நடுவில் முழு அகலத்துக்கும் ஒரு அட்டை. கனமான மெட்டல் பேஸ் வண்டிகள் கீழ் அடுக்கில்.

ரப்பர் டயர் போட்ட வண்டியையும், பழைய மெத்தென்ற வினைல் டயரையும் தெர்மாகோலில் படவிடாதே. டயரை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் கசிந்து தெர்மாகோலை உருக்கும். பிரித்துப் பார்த்தால் டயர் அதில் புதைந்து ஒட்டிக்கிடக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் தனி ஜிப் கவர், அதற்குள் டிஷ்யூ என்று வைத்தால் இந்தக் கவலை இல்லை. மலேசியாவின் ஈரத்துக்கும் இங்கே ஐப்பசி மழைக்கும் சேர்த்து, முழு அடுக்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு கிராம் சிலிகா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு ஒட்டு. மழை நாளில் ஈரக்கையோடு பேக் பண்ணி மூடினால், பை ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்பதையும் ஞாபகம் வை.

இப்போது ஜெர்மனி. அவர் கேட்டிருப்பது சென்டி டாய்ஸ் அம்பாசிடரும் ஆட்டோ ரிக்‌ஷாவும். கேட்டதில் ஆச்சரியமே இல்லை. 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றதிலிருந்து, அந்தப் பொம்மைதான் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் அலமாரியில் இந்திய ரோட்டைக் காட்டுகிறது. ஆனால் இவை பிளாஸ்டிக், ஹாட் வீல்ஸ் மாதிரி அடி தாங்காது. ஆட்டோவின் முன்பக்கத் தூண்களும் கண்ணாடிகளும் முதலில் போகும். பெட்டியின் ஜன்னல் பிளாஸ்டிக்கும் மெல்லியது, ஒரு விரல் அழுத்தினாலே மடிப்பு விழும். ஜன்னல் அளவுக்கு ஒரு கெட்டி அட்டை வெட்டி, நடுவில் டிஷ்யூ வைத்து, ஜன்னலின் மேல் மூடு. அதன் பிறகு பப்புள் ராப், பிறகு சிறு பெட்டி. அந்தப் பெட்டியை ஐந்து ப்ளை பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் பிரவுன் பேப்பரைக் கசக்கி நிரப்பு. பெட்டிக்குள் பெட்டி வைத்தால் வெளிப்பெட்டியின் மூலை நசுங்கினாலும் உள்ளே போகாது.

பெட்டியைத் தேவைக்கு மேல் பெரிதாக்காதே. தனியார் கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருகிற எடைக்குக் காசு வாங்குவார்கள். 30, 20, 15 அளவுப் பெட்டி உள்ளே அரைக் கிலோ இருந்தாலும் 1.8 கிலோ ஆகிவிடும். லைட்டும் சத்தமும் வரும் பொம்மை எதையும் இதில் சேர்க்காதே. பட்டன் பேட்டரி இருந்தால் விமானத் தபாலில் நிறுத்திவிடுவார்கள்.

சுங்கச் சீட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தபால் சுங்கப் படிவத்தில் 'டாய்ஸ்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'பிளாஸ்டிக் டாய் கார், இரண்டு எண்ணம்' என்பதை ஆங்கிலத்தில் தெளிவாக எழுது. பொருளின் வகையைச் சுங்கத்துக்குச் சொல்லும் எச்எஸ் கோடு 9503. எடையும் மதிப்பும் ஒவ்வொன்றுக்கும் தனியாக. 'கிஃப்ட்' கட்டத்தில் டிக் போடாதே கண்ணு. தனிநபர்கள் அனுப்பிக்கொள்ளும் பரிசுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரை சலுகை உண்டுதான். ஆனால் பதிலுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு அனுப்புவது பரிசு ஆகாது. 'மற்றவை' கட்டத்தில் டிக் போட்டு, சேகரிப்பாளர்களுக்குள் பரிமாற்றம் என்று எழுது. 2021 ஜூலை 1 முதல் அங்கே சின்னப் பொருளுக்கும் முதல் யூரோவிலிருந்தே வாட் வரி உண்டு. அதை யார் கட்டுவது என்று முன்னாலேயே அவரோடு பேசிவிடு. மதிப்பைக் குறைத்தும் எழுதாதே. தொலைந்தால் இழப்பீடு நீ எழுதின தொகைக்கு மேல் வராது, அதைவிட முக்கியம் அது பொய்.

மதிப்புக்கு ஆதாரமாக விலைச்சீட்டு நகலைப் பெட்டிக்கு வெளியே பிளாஸ்டிக் கவரில் ஒட்டு. அது இல்லாவிட்டால் ஜெர்மன் சுங்க அலுவலகத்துக்கு அவரே போய் நின்று பிரித்துக் காட்டி வாங்க வேண்டி வரலாம். முகவரியில் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுது. அங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டுக்குத் தனிக் கதவு எண் கிடையாது, அழைப்பு மணியில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கொடுப்பார். ஐந்து இலக்க பின்கோடு ஊர்ப்பெயருக்கு முன்னால் வரும். நாட்டின் பெயரைக் கடைசி வரியில் பெரிய எழுத்தில் எழுது. போன் நம்பர் கண்டிப்பாக வேண்டும்.

கவுண்டருக்குப் போகும்போது ஆதார் நகலும் டேப்பும் கத்தரியும் எடுத்துக்கொண்டு போ, ஒரு பக்கத்தை ஒட்டாமல் வை. வெளிநாட்டுப் பார்சலைத் திறந்து காட்டச் சொல்வது வழக்கம்தான், சங்கடப்படாதே. அமெரிக்காவிலும் யாரோ கேட்கிறார் என்றாயே, அதைப் பிறகு பார்ப்போம். அங்கே 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29-உடன் போய்விட்டது. அன்றைய விதியைக் கவுண்டரில் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதே.

வெளிநாட்டிலிருந்து உனக்கு வருவதற்கும் கணக்குப் போட்டுக்கொள். பரிசு என்று எழுதி இங்கே வரியில்லாமல் வாங்கிய காலம் 2019 டிசம்பரோடு முடிந்தது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. பொம்மை மேல் இறக்குமதி வரியை 2020-இல் 60 சதவீதமும் 2023-இல் 70 சதவீதமும் ஆக்கினார்கள். மாற்றத்துக்குச் சம மதிப்பு பேசும்போது, உன் பக்கம் விழக்கூடிய வரியையும் தபால் செலவையும் சேர்த்துப் பேசு. பொருள் வந்த பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் வரும்.

யார் முதலில் அனுப்புவது என்று ஜெர்மன்காரர் கேட்டால் தயங்காமல் நீயே முதலில் அனுப்பு. அவர் பல வருஷமாக மாற்றுகிறவர், நீ புதுசு, அதுதான் மரியாதை. அனுப்பும் முன் கார்டின் நாலு மூலை, பிளிஸ்டரின் ஓரம், பின்பக்கம், தராசில் வைத்த பெட்டி, ஒட்டின லேபிள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடு. ஏற்கெனவே கீறல் இருந்தால் அதை நெருங்கி எடுத்து அவருக்கு முன்னாலேயே காட்டிவிடு. டிராக்கிங் எண்ணை அன்றைக்கே அனுப்பு. வந்ததைப் பிரிக்கும்போது லேபிள் தெரிய ஒரே வீடியோவாக எடு, அவர்களையும் எடுக்கச் சொல்.

ஆட்டோவின் ஜன்னல் அட்டையை வெட்டி முடித்ததும், மூடுவதற்கு முன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. தூண் பக்கம் டிஷ்யூ போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா