பெரியவரின் 500இ

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகம் என்று சாக்குச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஒரு கார்தான் காரணம். அதை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். முடிவு வருகிற மாதிரி தெரியவில்லை, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. மகள் படிக்க இங்கே ஜெர்மனியிலேயே ஆகன் நகரத்துக்குப் போய்விட்டாள். அவள் சைக்கிள் மட்டும் பால்கனியில் நிற்கிறது. எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. படி இறங்கும்போது லூஸான சஸ்பென்ஷன் மாதிரி சத்தம் கேட்கிறது. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நீ கூடப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. போனில் கேட்டால் “ஒண்ணும் இல்லப்பா” என்று முடித்துவிடுகிறார். நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

சரி, கார். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். 81 வயது, டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் மங்கிவிட்டது என்று, யாரும் சொல்லாமலே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய 1992 மாடல் மெர்சிடிஸ் 500இ இப்போது விற்பனைக்கு.

அவிநாசி ரோட்டு மில் முதலாளி ஒருவர் புனேயில் செய்த மெர்சிடிஸ் இ220 வாங்கிய புதிதில், அது உங்கள் அப்பாவின் ரிப்பேர் ஷெட்டுக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? நீ துடைக்கிற சாக்கில் பின்சீட்டில் உட்கார்ந்து அடி வாங்கினாய். 500இ-க்கும் அதே உடம்புதான், கம்பெனிக் குறியீட்டில் டபிள்யூ124. தெரியாதவன் பார்த்தால் டாக்ஸி என்பான். கொஞ்சம் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் மட்கார்டு வளைவுகள் புடைத்திருப்பதும் வண்டி தாழ்ந்து நிற்பதும் தெரியும். உள்ளே மெர்சிடிஸின் ஸ்போர்ட்ஸ் காரான 500எஸ்எல்-இல் வந்த 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின். 326 குதிரைசக்தி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆறு விநாடி சொச்சம். 250-க்கு மேல் போகாமல் கம்பெனியே கட்டிப்போட்டிருக்கிறது.

இதைச் செய்த கதையை நீ ரசிப்பாய். மட்கார்டு அகலமானதால் மெர்சிடிஸின் சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் இந்த உடம்பு நுழையவில்லையாம். அப்போது ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான போர்ஷேயில் விற்பனை சரிந்து ஆட்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். ஆகவே வேலை அங்கே போனது. சிண்டல்ஃபிங்கனிலிருந்து தகடுகள் லாரியில் சூஃபன்ஹவுசனில் இருக்கும் போர்ஷே தொழிற்சாலைக்கு. அங்கே உடம்பைக் கட்டி, பெயின்ட் அடிக்கத் திரும்பவும் சிண்டல்ஃபிங்கனுக்கு. இன்ஜின் ஏற்ற மறுபடி சூஃபன்ஹவுசனுக்கு. கடைசிச் சோதனைக்கு இன்னொரு தடவை சிண்டல்ஃபிங்கனுக்கு. ஒரு வண்டிக்கு 18 நாள். கல்யாணப் பெண் மறுவீடு போய் வருவதுபோல அத்தனை போக்குவரத்து. 1995 வரை மொத்தமே 10,479 வண்டிதான் செய்தார்கள். நான் தினமும் வேலைக்குப் போகிற ரோட்டில்தான் இதெல்லாம் நடந்திருக்கிறது. இத்தனை வருஷம் தெரியாமலே போய் வந்திருக்கிறேன்.

பெரியவர் காரைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு ஃபைலைத்தான் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முப்பது வருஷத்து ரசீதுகள், தேதி வாரியாக. பின்பக்கத்தைத் தானாக மட்டப்படுத்தும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷனின் உருண்டைகள் இரண்டு தடவை மாற்றியதற்கு, கியர்பாக்ஸ் ஆயிலுக்கு, கதவு ரப்பருக்கு, எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது. 90களின் தொடக்கத்து வண்டிகள் சிலவற்றுக்கு ஒரு நோய் உண்டு: இன்ஜின் சூட்டில் ஒயர்களின் உறை பொடிப்பொடியாக உதிரும். அந்த ஒயரிங் முழுவதையும் புதிதாகப் போட்டதற்கு ரசீது இருந்தது. உதிர்ந்த பழைய ஒயரிலும் ஒரு துண்டை பிளாஸ்டிக் பையில் போட்டு அதே பக்கத்தில் பின் அடித்திருந்தார்! விரலால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து நான் மயங்கவில்லை, மாப்ளே. பட்டி பார்த்துப் பளபளப்பாக்க உன் ஷெட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்! அந்தத் துண்டு ஒயரைப் பார்த்துத்தான் விழுந்தேன்.

குளிர்ந்த இன்ஜினைத்தான் கேட்க வேண்டும் என்று நீ எப்போதும் சொல்வாயே, அதனால் மறுநாள் காலை ஏழு மணிக்கே போனேன். பானட் செங்குத்தாக, கதவு திறந்ததுபோல நிற்கிறது. உள்ளே இறங்கி வேலை பார்க்கலாம். சாவியைத் திருப்பியதும் மேலேயிருந்து டிக் டிக் என்று நாலைந்து விநாடி, வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் சத்தம். நான் முகம் சுளிப்பதற்குள் பெரியவரே சொல்லிவிட்டார்: கேம் ஷாஃப்டுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய்கள் பிளாஸ்டிக், அவற்றின் முனைகளை மாற்றும் காலம் வந்துவிட்டது, விலையில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று. விற்கிறவர் குறையைத் தானாகச் சொன்னால் எனக்கு உடனே இன்னொரு சந்தேகம் வரும். அவரிடம் வரவில்லை.

ஏ81 சாலையில் ஹெரன்பெர்க் தாண்டி ஓட்டினேன். மழை. முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். அது மூலைக்குப் போகும்போது நீண்டு, நடுவில் சுருங்கி வருகிறது. ரோட்டைப் பார்ப்பதா அதைப் பார்ப்பதா என்றாகிவிட்டது. 160-இல் போகும்போதும் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் சாதாரணக் குரலில்தான் பேசினார். இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். முழங்கால் வலி நினைவுக்கே வரவில்லை.

கேட்கும் விலை 48,000 யூரோ. புதிதில், யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் பணத்தில், 1,34,000 மார்க்குக்கு மேல் விற்ற வண்டி. முப்பது வயது தாண்டியதால் பழம்பெரும் வண்டிக்கான ஹெச் நம்பர் பிளேட் வாங்கியிருக்கிறார், அதனால் சாலை வரி வருஷத்துக்கு 191 யூரோ சொச்சத்தோடு முடிந்துவிடும். பெட்ரோல் கணக்கை மட்டும் கேட்காதே. வீட்டில் இவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: “இதுல எத்தனை பேர் உட்காரலாம்?” நாலு பேர்தான். பின்னால் இரண்டு தனித்தனி சீட், நடுவில் சாமான் வைக்கும் பெட்டி. “அப்ப ஊர்லேர்ந்து யாராவது வந்தா?” என்றாள். பதில் இல்லை.

ரிட்டயர் ஆனதும் ஊருக்குக் கொண்டுவரலாம் என்றும் கனவு காணாதே. மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிய காரை இறக்க அங்கே சட்டம் விடாது. அதோடு இந்த இன்ஜினுக்குப் பக்கத்தில் வலது பக்க ஸ்டியரிங்குக்கு இடமே இல்லாததால் இடது பக்கம் மட்டுமே செய்தார்கள்.

பெரியவர் ஒரே நிபந்தனை போட்டிருக்கிறார்: வாங்குகிறவருக்கு மூடிய கராஜ் இருக்க வேண்டும். எனக்கு இருப்பது திறந்த பார்க்கிங். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் கராஜையே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், சாவி ஒன்று மட்டும் தன்னிடம் இருக்கட்டும் என்றார். இதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் சரியில்லை. கார் யாருடையது என்று ஆகும், சொல்?

வரும் சனிக்கிழமை லிஃப்ட்டில் தூக்கி அடிப்பக்கம் காட்டுகிறேன் என்றிருக்கிறார். ஜாக்கி வைக்கும் இடங்களில் துரு இருக்கிறதா என்று பார்ப்பேன். வேறு எங்கெங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்று வெள்ளிக்குள் எழுது. முடிந்தால் அப்பாவிடமும் கேட்டு எழுது.

உன் பழைய ரூம்மேட்